மரக்கடைசல் இயந்திரம்: நிறுவுவதும் பாதுகாப்பாக இயக்குவதும்

கட்டில் கால், மோர் மத்து, சப்பாத்திக் கட்டை, பம்பரம், உளிப்பிடி என உருட்சியான மரப்பொருள்கள் பெரும்பாலும் கடைசல் வேலையில் உருவாகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த வேலைக்கு மரம் தேடி அலைய வேண்டியதில்லை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் காய்ப்புக் குறைந்த மாமரங்களை வெட்டும்போதும், சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை அகற்றும்போதும், கடைவதற்குத் தகுந்த கட்டைகள் விறகோடு விறகாகப் போய்விடுகின்றன. சொந்தமாக ஒரு லேத் வாங்கியோ, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்வித்தோ, வீட்டின் பின்கட்டில் வேலையைத் தொடங்க விரும்புவோருக்காக இது எழுதப்படுகிறது.

வட்ட ரம்பத்திலும் இழைப்பு இயந்திரத்திலும் வெட்டும் பல் சுழல்கிறது; மரத்தை நாம் தள்ளுகிறோம். கடைசலில் மரமே சுழல்கிறது. வெட்டும் உளி நம் கையில் இருக்கிறது. கட்டை பிடியிலிருந்து விடுபட்டாலோ, துணி சுற்றிக்கொண்டாலோ, உளி மரத்தில் மாட்டிக்கொண்டாலோ, நடந்தது என்னவென்று உணர்வதற்குள் காயம் ஏற்பட்டுவிடும். அந்த நொடியில் கைத்திறன் உதவாது. இயந்திரம் எப்படி நிற்கிறது, கட்டையில் வெடிப்பு உண்டா, பெல்ட் புல்லியின் எந்த வேகப் படியில் கிடக்கிறது, உடுத்தியிருப்பது என்ன என்பவையெல்லாம் சுவிட்சை அழுத்துவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. ஆகவே கடைவதைக் காட்டிலும் கடைவதற்கு முந்திய ஆயத்தங்களுக்கே இங்கு அதிக இடம் தரப்பட்டுள்ளது.

இடமும் அடித்தளமும்

லேத் மண் தரையிலோ, ஆடும் மேசையிலோ நிற்கக்கூடாது. நான்கு அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளம் போட்டு, சேனல் அல்லது தடித்த ஆங்கிள் இரும்பால் செய்த ஸ்டாண்டை ஆங்கர் போல்ட் கொண்டு தரையோடு பிணைக்க வேண்டும். தகரக் கொட்டகையின் சுவரோடு பிணைப்பதால் பயனில்லை. சுவரும் சேர்ந்து அதிரும். ஸ்டாண்டின் அடித்தட்டில் மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்குகள் இரண்டை அடுக்கினால் அதிர்வு கண்கூடாகக் குறையும். செலவில்லாத ஏற்பாடுகளில் இதைவிடப் பயன்தருவது எதுவுமில்லை. பெட்டின் (லேத்தின் நீண்ட அடிச்சட்டத்தின்) மீது ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து, நான்கு கால்களும் சமமாகத் தாங்குமாறு தகடு சொருகிய பிறகே போல்ட்டுகளை முழுமையாக இறுக்க வேண்டும். ஒரு கால் தூக்கலாக இருக்கையில் இறுக்கினால் பெட் முறுகிக்கொள்ளும்.

நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுவே சுழலும் அச்சின் உயரம். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு இது தரையிலிருந்து ஏறத்தாழ 41 அல்லது 42 அங்குலம். ஓரிரு அங்குலம் கூடினால் தவறில்லை. குறைந்தால் நாள் முழுதும் குனிந்து நிற்க நேர்ந்து முதுகு வலிப்பதோடு, முகமும் கட்டைக்கு மிக அருகே போய்விடும்.

ஹெட்ஸ்டாக்கில் (கட்டையைச் சுழற்றும் அச்சு உள்ள தலைப்பகுதியில்) ஒரு கூர்முனையையும், டெயில்ஸ்டாக்கில் (கட்டையின் மறுமுனையைத் தாங்கும் நகரும் பகுதியில்) ஒரு கூர்முனையையும் பொருத்தி, இரண்டையும் நெருக்கிக் கொண்டுவந்தால் முனையோடு முனை தொட வேண்டும். உள்ளூரில் செய்வித்த இயந்திரங்களில் இந்த நேர்த்தன்மை பெரும்பாலும் சற்றே பிசகியிருக்கும். மெல்லிய தகடுகளை அடியில் வைத்துச் சரிசெய்த பின்னரே பணத்தை முழுவதுமாகக் கொடுப்பது நல்லது. முனைகள் அமரும் கூம்புத் துளைகளில் தூசியும் பிசினும் தங்காமல் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு முக்கியச் செய்தி உண்டு. சோக் வைத்த பழைய குழல் விளக்கின் ஒளி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. நான்கு மூலைகள் கொண்ட சதுரக் கட்டை நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும்போது, அதன் மூலைகளும் நொடிக்குச் சரியாக 100 முறை நம்மைக் கடக்கின்றன. அந்த ஒளியில் முழு வேகத்தில் ஓடும் கட்டை நிற்பது போலவே தோன்றக்கூடும். வேகம் சற்று மாறினால் மெல்லச் சுற்றுவது போலத் தெரியும். நின்றுவிட்டதென்று கை வைத்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஒளி துடிக்காத நல்ல எல்.இ.டி. விளக்கைத் தோளின் பக்கமிருந்து விழுமாறு அமைக்க வேண்டும்.

மின்சாரம்

சப்பாத்திக் கட்டை, கட்டில் கால் போன்ற வேலைகளுக்கு அரை குதிரைத்திறன் மோட்டார் போதும். கிண்ணம், தட்டு கடைவதற்கு ஒரு குதிரைத்திறன் வேண்டும். கழித்துவிடப்பட்ட பழைய மோட்டாரை வாங்குவோர், அதன் பெயர்த்தகட்டில் உள்ள வேகத்தை முதலில் படிக்க வேண்டும். நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுழலும். இரண்டு துருவ மோட்டார் சுமார் 2800 சுற்று சுழலும். பின்னது சாணை இயந்திரத்துக்கு ஏற்றது. அதை லேத்துக்குப் பூட்டினால் எல்லா வேகங்களும் இரட்டிப்பாகிவிடும்.

சாதாரணச் சுவிட்சைப் போடாமல், ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு வைப்பது போன்ற பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கொண்ட ஸ்டார்ட்டரையே, மோட்டாரின் ஆம்பியருக்குத் தக்க ஓவர்லோடு ரிலேயுடன் பொருத்த வேண்டும். மின்சாரம் போனால் ஸ்டார்ட்டர் தானாக விடுபட்டுவிடும். மீண்டும் வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை இயந்திரம் ஓடாது. சாதாரணச் சுவிட்ச் அப்படியன்று. மின்வெட்டின்போது அணைக்க மறந்து, கட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் திரும்பினால் இயந்திரம் அப்படியே ஓடத் தொடங்கும். நம் மாவட்டங்களில் விவசாயிகள் மின்சாரம் வந்தவுடன் தண்ணீர் இறைக்க வேண்டும் என்பதற்காக ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்ச் பொருத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. கிணற்று மேட்டில் கழற்றிய பழைய ஸ்டார்ட்டரைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள், அந்த ஆட்டோ இணைப்பு நீக்கப்பட்டதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிவப்புப் பொத்தான், சுழலும் கட்டையின் குறுக்கே கை நீட்டாமல் எட்டுமாறு டெயில்ஸ்டாக் பக்கம் இருக்க வேண்டும். மோட்டாரின் உடலுக்கும் ஸ்டாண்டுக்கும் எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் இணைக்க வேண்டும். விவசாய இலவச இணைப்பிலிருந்து பட்டறைக்குக் கம்பி இழுப்பது விதிமீறல் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டையின் மேற்புறம் நம்மை நோக்கி வந்து கீழே இறங்குமாறு சுழற்சி அமைய வேண்டும். வைண்டிங் செய்து திரும்பி வந்த மோட்டாரும், மூன்று பேஸில் இரண்டு கம்பிகள் இடம் மாறிய மோட்டாரும் எதிர்த்திசையில் ஓடும். அப்போது மரையில் ஏற்றிய சக் (கட்டையைக் கவ்வும் பிடி) தானாகக் கழன்று வெளியே வரக்கூடும். எனவே வயரைத் தொட்ட ஒவ்வொரு முறையும், எதையும் மாட்டாமல் வெறுமனே ஓட்டித் திசையைப் பார்க்க வேண்டும். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் மூடி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக்கூடாது.

வேகக் கணக்கு

அங்குலத்தில் கட்டையின் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் பின்பற்றும் பொது விதி. இன்னும் வட்டமாக உருட்டி முடிக்காத கட்டைக்கு அந்தக் கீழ் எல்லையையும் விடக் குறைவாகவே தொடங்க வேண்டும். மோட்டாரில் 2 அங்குலப் புல்லியும் அச்சில் 4 அங்குலப் புல்லியும் இருந்தால் 1440 சுற்று 720 ஆகக் குறையும். அச்சில் 6 அங்குலப் புல்லி இருந்தால் 480 ஆகும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 வரை ஏற்ற வேகமென்பதால், அதன் முதல் உருட்டலை 480-இல் செய்வதே முறை. அதே கட்டையைக் கவனக்குறைவாக 1440-இல் ஓட்டினால் அதன் விளிம்பு நொடிக்கு 19 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 69 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தொப்பூர்க் கணவாயில் இறங்கும் பேருந்திலிருந்து ஒரு மாங்கட்டை முகத்துக்கு நேராக எறியப்படுவதற்கு இது ஒப்பானது. வேகப் படியை மாற்றியவர், வேலை முடிந்ததும் பெல்ட்டை மிகக் குறைந்த படியிலேயே விட்டுச் செல்லும் பழக்கம் வைத்துக்கொண்டால், அடுத்த நாள் பெரிய கட்டையை மாட்டும்போது மறதி ஆபத்தாகாது.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

புளி கனமும் கடினமும் மிகுந்த மரம். இறைச்சி வெட்டும் கட்டைக்கும் உரலுக்கும் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதே. அந்தப் பின்னலே கடைபவருக்குச் சோதனையும் ஆகும். உளி விரைவில் மழுங்கும், இழை பிய்ந்து வரும். வைரம் பாய்ந்த பகுதியின் ஊதா கலந்த பழுப்பு நிறத்தைப் பார்த்தால் அந்த உழைப்புக்குக் குறையில்லை என்று தோன்றும். எனினும் தொடங்குவோர் புளியில் கை வைக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. மா மிதமான கடினமுடையது, நன்றாகக் கடைய வரும். ஆனால் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், உலர்ந்த பின் துளைக்கும் வண்டு விழும். மாம்பால் பட்டால் தோல் புண்ணாகும் உடல்வாகு கொண்டவர்களுக்கு அதன் தூளும் அரிப்பைத் தரலாம். வேம்பு, வெப்பாலை இரண்டும் கற்பதற்கு ஏற்றவை. கர்நாடகத்தின் சன்னபட்டணத்து அரக்குப் பொம்மைகள் மரபாகக் கடையப்படுவது வெளிர் நிறமும் நெருங்கிய இழையும் கொண்ட வெப்பாலையில்தான். சாலை நடுவே பூத்துக் கிடக்கும் அரளியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கடையக்கூடாது. அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. எட்டி மரத்துக்கும் இதுவே பொருந்தும். சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகியவற்றையும், காட்டிலிருந்து வந்த எந்தக் கட்டையையும் வனத்துறை ஆவணம் இல்லாமல் வாங்க வேண்டாம்.

சாலையோரப் புளியமரங்களில் விளம்பரத் தகடுகள் அடித்த ஆணிகள் பல ஆண்டுகளுக்குப் பின் பட்டைக்குள் புதைந்து வெளியே தெரியாமல் போய்விடும். ரம்பத்தில் கொடுக்கும் முன்னும், லேத்தில் ஏற்றும் முன்னும், வலுவான காந்தத்தைக் கட்டையின் மேல் நெடுக நகர்த்திப் பார்க்க வேண்டும். கட்டையில் கருநீலக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டிய கட்டையின் இரு முனைகளிலும் அன்றே மெழுகோ பழைய பெயிண்டோ பூச வேண்டும். மாசி, பங்குனியில் இங்கு வீசும் காய்ந்த காற்று, பூசாத கட்டையை ஒரு வாரத்துக்குள் பிளந்துவிடும். நடுத்தண்டு வரும்படி விட்ட கட்டை எப்படியும் வெடிக்கும். ஆகவே நெடுக்காகப் பிளந்து தண்டை நீக்கிவிட வேண்டும். நிழலில், காற்றோட்டத்தில், குச்சிகள் இடைவைத்து அடுக்கினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்ற கணக்கில் உலரும். ஏற்றுவதற்கு முன் கட்டையை விரல் கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி வந்தால் நல்லது. மந்தமான ஒலியோ கிழிசல் ஒலியோ வந்தால் உள்ளே வெடிப்போ உளுத்த பகுதியோ இருக்கிறது. அப்படிப்பட்ட கட்டையைப் பசை ஊற்றி ஒட்டி ஓட்டலாம் என்று எண்ணாமல் அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும்.

உளிகள்

உருட்டுவதற்கு அகலமான குழி உளி, வளைவுகளுக்குச் சிறிய குழி உளி, வழவழப்பாக இழைக்கச் சாய்வு உளி, அளவு வெட்டுக்கும் துண்டிக்கவும் ஒரு மெல்லிய உளி, கிண்ணத்துக்கெனத் தனியாக உருண்டைத் தண்டுள்ள கிண்ண உளி ஆகியவை போதும். அகலமான குழி உளியைக் கிண்ணத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. பிடிக்குள் நுழையும் அதன் வால் மெலிந்தது. கிண்ணத்தின் குறுக்கிழையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே ஒடியும். பழைய அரத்தைத் தேய்த்து உளியாக்குவதும் இதே போன்ற ஆபத்து. அரம் கடினமாக இருப்பதாலேயே கண்ணாடியாய் உடையும். அரிவாள் அடிக்கும் கொல்லரிடம் லாரி ஸ்பிரிங் பட்டையில் உளி அடித்து வாங்குவது அதைவிட மேல். அந்த எஃகு எளிதில் ஒடியாது. ஆனால் சாணையில் நீலம் பாரித்தால் பதம் போய்விடும் என்பதால் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தீட்ட வேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீல் உளி விலை கூடுதலானாலும் சூட்டைத் தாங்கும், கூர் நீடிக்கும். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால், கூரான உளியைவிட அதுவே ஆபத்தானது.

உடை

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் முந்தானை ஆகியவற்றோடு லேத் அருகே நிற்கக்கூடாது. காற்சட்டையும், அரைக்கைச் சட்டை அல்லது மணிக்கட்டில் பொத்தான் இறுக்கிய முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கோயில் கயிறு, கழுத்துச் சங்கிலி அனைத்தையும் கழற்ற வேண்டும். தலைமுடி நீளமானால் பின்னலாக விடாமல் கொண்டையாகச் சுருட்டித் தொப்பிக்குள் அடக்க வேண்டும். கையுறை பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கே அது நேர்மாறானது. நூல் கையுறையின் ஓர் இழை மாட்டினாலும் விரலோடு சேர்த்து இழுத்துவிடும். முகம் முழுவதையும் மறைக்கும் பாலிகார்பனேட் முகக்கவசமும், உறுதியான மூடிய காலணியும் வேண்டும். ரப்பர் செருப்பில் நிற்பவர் சுருள் குவியலில் வழுக்கினால் இயந்திரத்தின் மேலேயே விழுவார். மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. ஆகவே என்95 முகமூடியும் உடையின் ஒரு பகுதியே.

ஏற்றுதலும் தொடங்குதலும்

முதல் வேலையாக இரண்டு அங்குலச் சதுரமும் ஓரடி நீளமும் உள்ள வேப்பங்கட்டையை எடுத்துக்கொள்ளலாம். இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடு இழுத்து மையம் குறித்து, ஒரு முனையில் ரம்பத்தால் சிறு கீறல் போட்டு, பல்முனையை (ஹெட்ஸ்டாக்கில் அமர்ந்து கட்டையைச் சுழற்றும் பற்கள் கொண்ட முனையை) கொட்டாப்புளியால் அடித்துப் பதிக்க வேண்டும். இயந்திரத்தில் மாட்டிய நிலையில் அடித்தால் அடி முழுதும் பேரிங்கில் இறங்கும். தரையில் வைத்தே அடிக்க வேண்டும். நான்கு மூலைகளையும் இழைப்புளியால் சீவி எட்டுப் பட்டையாக்கினால் தொடக்க அதிர்ச்சி குறையும். பிறகு டெயில்ஸ்டாக்கை நெருக்கி, முனை நன்கு பதியுமாறு திருகி, அதன் பூட்டுகள் இரண்டையும் இறுக்க வேண்டும். உளி தாங்கியைக் கட்டையிலிருந்து கால் அங்குலத்துக்கு மேல் விலகாமல், மைய உயரத்துக்குச் சற்று மேலோ கீழோ வைத்துப் பூட்ட வேண்டும்.

அதன் பின் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்பதையும், சக் சாவியோ ஸ்பேனரோ இயந்திரத்தில் தங்கவில்லை என்பதையும், பெல்ட் குறைந்த படியில் இருப்பதையும் பார்க்க வேண்டும். கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல், ஒரு பக்கமாக விலகி நின்று பச்சைப் பொத்தானை அழுத்தி, அரை நிமிடமாவது வெறுமனே ஓட விட வேண்டும். சுற்றும் கட்டையின் நேர்கோட்டில் குழந்தைகளோ வேடிக்கை பார்ப்போரோ நிற்க அனுமதிக்கக்கூடாது.

கடைதல்

உளி முதலில் தாங்கியைத் தொட வேண்டும், அதன் பிறகே மரத்தைத் தொட வேண்டும். பிடியைத் தாழ்த்தி, உளியின் சாய்வு முகத்தின் அடிப்பகுதி மரத்தில் உரசுமாறு வைத்து, பிடியை மெல்ல உயர்த்தினால் ஓரிடத்தில் கூர்முனை தானாகச் சுருளை எடுக்கத் தொடங்கும். சாய்வு முகத்தின் தாங்குதல் இல்லாமல் கூர்முனையை மட்டும் நீட்டினால் மரம் உளியைக் கடித்துப் பிடித்துக் கீழே அறையும். பிடியை இடுப்போடு சேர்த்து, கைகளை மட்டும் அசைக்காமல் உடலோடு நகர வேண்டும். இடக்கை விரல்கள் தாங்கியின் இப்பக்கத்திலேயே இருக்க வேண்டும். எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே, அதாவது பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கே வெட்ட வேண்டும். எதிராகப் போனால் இழை தூக்கிக்கொள்ளும். கட்டை மெலிய மெலிய இடைவெளி கூடும். இயந்திரத்தை முழுமையாக நிறுத்திவிட்டுத்தான் தாங்கியை நகர்த்த வேண்டும். ஒலி மாறினாலோ, புதிய அதிர்வு தோன்றினாலோ உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். காது கண்ணுக்கு முன்பே பழுதைக் கண்டுபிடிக்கும். சுவிட்சை அணைத்த பின்னும் சுழலும் கட்டையைக் கையால் பிடித்து நிறுத்தும் பழக்கம் வேண்டாம்.

கிண்ணத்துக்கு முகத்தட்டைப் (அச்சில் மாட்டி, கட்டையைத் திருகாணிகளால் பிடிக்கும் தட்டைப்) பொருத்தும்போது, ஜிப்சம் பலகைக்குப் பயன்படுத்தும் கறுப்புத் திருகாணிகள் ஒடியும் தன்மையுள்ளவை என்பதால் அவற்றைத் தவிர்த்து, தடித்த மரத்திருகாணிகளை ஒவ்வொரு துளையிலும் போட வேண்டும். இயன்றவரை டெயில்ஸ்டாக்கின் முட்டுக்கொடுத்தலை விலக்காமலே வெளிப்புறத்தைக் கடைந்து முடிக்க வேண்டும்.

உப்புத்தாள் போடும்போது உளி தாங்கியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். இல்லையேல் விரல் இடையில் நசுங்கும். தாளைக் கட்டையின் கீழ்ப்புறத்தில் பிடித்தால், மாட்டினாலும் கையை வெளியே தள்ளிவிடும். மெருகு ஏற்றத் துணியைப் பயன்படுத்தக்கூடாது. எளிதில் கிழியும் காகிதத்தையே மடித்துப் பிடிக்க வேண்டும். அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தி உராய்வுச் சூட்டிலேயே பூசி, தாழை மடலால் தேய்த்து மெருகேற்றும் சன்னபட்டண முறையில் துணிக்கே வேலையில்லை. ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், நனைந்த காகிதத்தைக் குவித்துப் போடாமல் வெளியில் விரித்துக் காய வைக்க வேண்டும். குவியலாகக் கிடந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றும்.

வேலை நேரத்தில் மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். கண்ணில் துணுக்கு விழுந்தால் கசக்கக்கூடாது. ஆழமான வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழைக்க வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. நாள் முடிவில் மெயினை அணைத்து, சுருள்களையும் தூளையும் மோட்டாரைச் சுற்றித் தங்காமல் பெருக்கி, பெட்டைத் துடைத்து எண்ணெய் தடவி, உளிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வைக்க வேண்டும்.